படி தாண்டினால் காந்திமதி

அதைத்தான் சொல்ல வந்தேன், உன் கையெழுத்தை நேற்று பார்த்துவிட்டேன். தேடிப் போய்ப் பார்க்கவில்லை. தம்பி பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். ஆறாவதுக்கு அம்பாசமுத்திரத்தில் சேர்க்க டி.சி. வேண்டும் என்று பள்ளிக்கூடத்துக்குப் போனேன். உன் நாற்காலியில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருக்கிறாள், கல்யாணம்கூட ஆகவில்லை போல. அவள் பீரோவைத் திறந்து பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தாள். அந்துருண்டை வாசனை குப்பென்று அடித்தது. நீ போட்டு வைத்த உருண்டைகள்தான், கரைந்து மிளகு அளவுக்கு வந்திருந்தன. பக்கம் பக்கமாகப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தாள். காந்திமதி என்று எழுதியிருந்தது, உன் கையால். ‘என்ன பெரியம்மா, பேரு சரிதான?’ என்று கேட்டாள். சரிதான் என்று தலையை ஆட்டினேன். வேறு ஒன்றும் என்னால் பேச முடியவில்லை. என்னால்! நீ இருந்திருந்தால் ஊரைக் கூட்டிச் சிரித்திருப்பாய்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அசதியாக இருக்கிறது. வேலை செய்த அசதி என்றால் படுத்தால் போய்விடும். இது படுத்தால் கூடவே படுக்கிறது. யாரிடமாவது சொல்லலாம் என்றால் யார் கேட்கிறார்கள்? தம்பி பெண்டாட்டி செல்வி நான் வாயைத் திறந்தாலே டி.வி. சத்தத்தைக் கூட்டிவிடுகிறாள். தம்பி பம்பாயிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பேசுவான், அதுவும் முக்குக் கடை போனில், பின்னால் நாலு பேர் நிற்கும்போது. நான் பேசப் பேச, கையில் உள்ள வேலையை விடாமல், ‘ம், பெறவு?’ என்று கேட்டுக்கொண்டே இருந்த ஒரே ஆள் நீதான். அதனால் பிள்ளையின் நோட்டில் மிச்சம் கிடந்த தாள்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தப்பு இருந்தால் சிவப்பு மையால் சுழித்துக்கொள். உன்னோடு ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தும் எனக்கு எட்டாவதுக்கு மேல் ஏறவில்லை.

நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். இருந்தாலும் முதலிலிருந்து சொல்லாவிட்டால் எனக்குச் சொன்ன மாதிரி இருக்காது.

செல்விக்கு முதல் பிள்ளை நாற்பது நாள் இருந்தது. இரண்டாவது மூன்று மாதம். இரண்டுக்கும் ஆசை ஆசையாகப் பேர் வைத்து, வாய் நிறையக் கூப்பிட்டு, தெருவெல்லாம் சொன்னோம். சொன்ன வாய் மூடுவதற்குள் போய்விட்டார்கள். மூன்றாவதாக இவள் பிறந்தபோது நான்தான் ஏழு வீட்டில் மடியேந்திப் பிச்சை எடுத்தேன். அந்த அரிசியில் கஞ்சி காய்ச்சிச் செல்விக்குக் கொடுத்து, பிள்ளையைப் ‘பிச்சை’ என்று கூப்பிட்டோம். யாருக்கும் வேண்டாத பிள்ளை போல இருந்தால் எமன் கண் படாது என்று. பிறப்புச் சான்றிதழில் தம்பி காந்திமதி என்று எழுதிவிட்டான். எழுதலாம், சொல்லக்கூடாது. பிள்ளைக்கு ஐந்து முடிந்ததும் வருகிற பங்குனி உத்திரத்தில் எங்கள் குலசாமி சாத்தா கோயிலில் மொட்டை போட்டு, சாமி முன்னால் அவள் காதில் அந்தப் பேரை முதல்முதலாகச் சொல்கிறேன், அதுவரை எங்கள் வாயால் சொல்லமாட்டோம் என்று நேர்ந்துகொண்டேன். நீ அப்போதே கேட்டாய், ‘சாத்தாவுக்கு வேற வேலை இல்லையாட்டி?’ என்று. நான் உன்னோடு இரண்டு நாள் பேசவில்லை. இரண்டு நாளும் உனக்கு நிம்மதி என்று பிறகு சொன்னாய்.

ஐந்து முடிந்தது. பங்குனி உத்திரத்துக்கு ஏழு நாள் இருக்கும்போது பங்காளி வீட்டில் ஒரு சாவு. தீட்டு. கோயிலுக்குப் போக முடியாது. அடுத்த பங்குனிக்குத்தான் இனிமேல். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கப்போகிறார்கள்.

தம்பிக்குப் பிள்ளை இங்கிலீஷ் படிக்க வேண்டும் என்று ஆசை. டவுனில் ஒரு பள்ளிக்கூடம், வாசலில் வேனெல்லாம் நிற்கும், பேர் எழுதவில்லை, எதற்கு. அங்கே பிள்ளைக்குப் பரீட்சை வைத்துத்தான் எடுப்பார்களாம். ஒரு மாதம் நான் பாடாய்ப் பட்டேன். ஏ, பி, சி, டி சொல்லிக்கொடுக்க எனக்கே தெரியாது. எதிர்வீட்டுக் காலேஜ் பிள்ளையைப் பிடித்து நான் படித்து, பிறகு இவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நிறம், கிழமை, மிருகம், பழம், எது கேட்டாலும் சொன்னாள். பேர் ஒன்றைத் தவிர எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். அது எனக்குத் தோன்றவே இல்லை. ஐந்து வருஷமாகச் சொல்லாமல் சொல்லாமல், அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோன மாதிரி.

என் வாய்க்குப் பயந்து செல்வி என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனாள். ஜன்னல் திறந்திருந்தது. எல்லாம் கேட்டது.

‘உன் பேரு என்ன பாப்பா?’

‘பிச்சை.’

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

‘ஃபார்ம்ல காந்திமதின்னுல்ல போட்டிருக்கு?’

செல்வி வாயே திறக்கவில்லை. அவளுக்கும் பயம்தானே. இரண்டைப் பறிகொடுத்தவள்.

‘சரி. காந்திமதி, அந்தச் சிவப்புக் கட்டைய எடுத்துக் குடு பாப்போம்.’

பிள்ளை என்ன செய்தாள் தெரியுமா? திரும்பி வாசலைப் பார்த்தாள். யாரோ காந்திமதி என்று ஒரு பிள்ளை வரப்போகிறாள், அவள் வந்து எடுக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றாள். அடுத்தவர்களுக்குச் சொன்ன வேலையில் கை வைக்கக்கூடாது என்று நான் வளர்த்த வளர்ப்பு. மூன்று தடவை கூப்பிட்டார்கள். மூன்று தடவையும் மரியாதையாக வாசலைப் பார்த்தாள்.

நான் இரண்டு தடவை எழுந்தேன். எழுந்து போய் என்ன சொல்ல? அந்தப் பேரைச் சொல்லாமல் விஷயத்தை எப்படி விளக்க? இரண்டு தடவையும் திரும்ப உட்கார்ந்துவிட்டேன். பேசியே பேர் வாங்கினவள், பேச வேண்டிய ஒரு நாளில் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு இருந்தேன். சொந்தப் பேருக்கே திரும்பவில்லை, கவனம் இல்லை, ஒரு டாக்டரிடம் காட்டுங்கள், அடுத்த வருஷம் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பஸ்ஸில் செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே கேட்டாள், ‘மதினி, ஒருவேளை நெசமாவே மந்தமா இருக்குமோ?’ எல்லாம் தெரிந்த பெற்றவளே கேட்டாள். படித்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நம் கண்ணை நாமே நம்புவதில்லை. தம்பி போனில் டாக்டர், டாக்டர் என்று கத்தினான். பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தூணைப் பிடித்து நின்றாள். அந்த வாரத்தில் பிச்சை என்று கூப்பிட்டாலும் ‘ம்’ கொட்டுவதை நிறுத்திவிட்டாள். சாகாமல் காப்பாற்றிய பிள்ளையை இப்படி ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டேனே என்று இருந்தது.

ஒரு சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்தேன். வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாய், கையெல்லாம் கறை. நான் அழுது, மூக்கைச் சிந்தி, முதலிலிருந்து கடைசி வரை ஒப்பித்து முடிக்கிற வரைக்கும் பூவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பிறகு சொன்னாய், ‘ஏட்டி, வீட்டுல உள்ள அம்புட்டுப் பேரும் சேந்து ஒரு பிள்ளைட்ட அது பேர ஒளிச்சு வச்சிட்டு, அதுக்குப் பேரு தெரியலன்னு அழுதுகிட்டு இருக்கிய. ஒங்கள என்னத்தச் சொல்ல?’

‘நேர்ச்ச இருக்குல்லாட்டி...’

‘சவத்த விடு. நாளைக்குப் பத்து மணிக்குக் கூட்டிட்டு வா. சோறு குடுத்து விடு. சொல்லிக்குடுத்துக் கூட்டிட்டு வராத. ஒண்ணும் சொல்லிக்குடுக்காம கூட்டிட்டு வா.’

அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ராத்திரியெல்லாம் நாக்கைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

மறுநாள் ஹெட்மாஸ்டர் சார் வழக்கம்போல் பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேலே மடக்கி இடது காதைத் தொடச் சொன்னார். நுனி விரல் தொட்டது. ‘அஞ்சு ஆயிட்டு’ என்றார், அவர் வேலை முடிந்துவிட்டது. உனக்கு அது போதாது. ‘காது தொடுறதுக்குக் கை நீளமா இருந்தாப் போதும் சார், உக்காருறதுக்கு மனசு வேணும்லா’ என்றாய். என்னைப் பார்த்து, ‘நீ போயி எனக்கு ஒரு தீப்பெட்டி வாங்கிட்டு வா, பைய வா’ என்றாய். பள்ளிக்கூடத்தில் தீப்பெட்டி எதற்கு என்று புரிய எனக்குத் தெரு முனை வரை ஆயிற்று. பிள்ளையிடம் எதைக் கேட்டாலும் நான் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவேன் என்று என்னைக் கழற்றிவிட்டாய். நான் மட்டும் என்ன, கடைக்குப் போனேனா? கிணற்றடிச் சுவருக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன்.

நீ பிள்ளையிடம் ஒன்றும் கேட்கவில்லை. பேர்கூட. உன் பாட்டுக்குக் கரும்பலகையைத் துடைத்தாய். ‘தாகமா இருக்கு, அந்தப் பானையில இருந்து ஒரு தம்ளர் தண்ணி கொண்டாரியா?’ என்றாய். அவள் மொண்டு, இரண்டு கையாலும் பிடித்து, பாதி தூரம் வந்து கொட்டிவிட்டாள். வகுப்பே ‘ஓ’ என்றது. நீ திரும்பவில்லை. அவள் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தாள். பிறகு குனிந்து பாவாடை ஓரத்தால் துடைத்தாள். துடைத்துவிட்டுத் திரும்பப் பானைக்குப் போனாள். இந்தத் தடவை அரைத் தம்ளர்தான் மொண்டாள்.

மத்தியானம் வரை வைத்திருந்தாய். சோற்று டப்பா மூடி இறுகிப்போய் அவளுக்குத் திறக்க வரவில்லை. பக்கத்துப் பெண்ணிடம் நீட்டினாள். அது திறந்து கொடுத்தது. ஒன்றுக்கு வந்தபோது எழுந்து உன் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். சிலேட்டை ஒருத்தி பிடுங்கினாள், அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை, இவளும் பிடுங்கிக்கொண்டாள். அதைப் பார்த்துத்தான் உன் முகம் மலர்ந்தது. ‘வாட்டி, சுவருக்குப் பின்னால நிக்கிறவளே’ என்று சத்தம் போட்டாய்.

‘பிள்ள தயாரா இருக்கா. கொட்டினா அள்ளத் தெரியுது, முடியாததுக்கு ஆள் கேக்கத் தெரியுது, தன்னத விட்டுக் குடுக்காம இருக்கத் தெரியுது. இதுக்கு மேல ஒண்ணாப்புக்கு என்ன வேணும்? இவள மந்தம்னு சொன்னவங்கள டாக்டர்ட்ட காட்டச் சொல்லு.’

நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு, ‘பிச்சைன்னே எழுதிக்கோட்டி, பங்குனி கழிஞ்சதும் மாத்திக்கிடலாம்’ என்றேன்.

உன் முகம் மாறிவிட்டது. ‘இதுல எழுதினா எழுதினதுதான். பத்தாங்கிளாஸ் சர்டிபிகேட் வரைக்கும் இந்தப் பேருதான் நடந்து வரும். ஆஜர் கூப்பிடும்போது நாப்பது பிள்ளையளும் சிரிக்கும். நேர்ச்ச ஒன்னது, அவமானம் அவளுக்கா?’

‘வேற பேரு சொல்லிக் கூப்பிட்டு, அதுக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா?’ உன் கையை விடாமல் கேட்டேன். ‘ரெண்டு குழி தோண்டுன வீடுட்டி எங்க வீடு.’

நீ பேனாவை மூடிப் பதிவேட்டின் மேல் வைத்தாய். பிறகு சிரித்தாய். உன் அந்தச் சிரிப்பு, பல்லிடுக்குத் தெரிய. ‘சரி. நீ கூப்பிடாத. செல்வியும் கூப்பிட வேண்டாம். ஒங்க சாத்தாகிட்ட நீங்க சொன்ன சொல்லு அப்பிடியே இருக்கட்டும். நான் ஒண்ணும் சொல்லு குடுக்கலயே? நான் கூப்பிடுதேன். வாறது என்னதுன்னாலும் எனக்கு வரட்டும். போதுமா?’

போதும் என்று நான் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இதைத்தான் நான் இத்தனை நாளாகத் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

பிள்ளையை வகுப்பு வாசலுக்குக் கூட்டிப் போனாய். குந்தி உட்கார்ந்து, ‘இங்க பாரு, இந்தப் படிக்கு வெளிய நீ பிச்சை. படியத் தாண்டினா ஒனக்கு வேற பேரு. உள்ள வா, சொல்லுதேன்’ என்றாய். அவள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் படியைத் தாண்டினாள். நான் வராந்தாவில் நின்று காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, தரையைப் பார்த்து, சாத்தாவைக் கூப்பிட்டேன். எத்தனை நேரம் என்று தெரியாது. கையை எடுத்தபோது உள்ளே பிள்ளைகள் கலகலவென்று பேசிக்கொண்டிருந்தார்கள், நீ அவர்களை அதட்டினாய், அதற்கு நடுவில் அவள் குரல் கேட்டது, ‘உள்ளேன் டீச்சர்.’ ஒரு வாரமாக வாய் திறக்காத பிள்ளை.

அந்த வருஷம் முழுக்க அப்படியே நடந்தது. வீட்டில் பிச்சை, படி தாண்டினால் காந்திமதி. ஒரு நாள்கூட அவள் மாற்றிச் சொல்லவில்லை. காய்ச்சல் வந்தால் நான் செத்துப் பிழைப்பேன், விபூதி பூசிப் பூசி அவள் நெற்றியே வெளுத்துப்போனது. நீ சாயங்காலம் வந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்து, ‘மழையில நனைஞ்சா காய்ச்சல்தான் வரும், எமனா வருவான்?’ என்பாய். மறு பங்குனியில் மலையடிவாரத்துக்கு வேன் பிடித்துப் போய், மொட்டை போட்டு, சந்தனம் பூசி, அவள் காதில் குனிந்து ஆறு வருஷத்துப் பேரை நான் சொன்னேன். என் குரலே எனக்கு வேறு மாதிரி இருந்தது. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ‘அத்தை, இது டீச்சர் வச்ச பேருல்லா? ஒனக்கு எப்பிடித் தெரியும்?’

அங்கேயே உட்கார்ந்து சிரித்தேனா அழுதேனா என்று தெரியாது. உன்னிடம் வந்து சொன்னபோது நீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாய். பேர் வைத்தது நீதான் என்று அவள் இன்றைக்கும் சொல்கிறாள். நான் திருத்தவில்லை.

போன கார்த்திகையில் நீ போய்விட்டாய். அதற்கு முன்னால் வயிற்றில் கட்டி என்று திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஒன்றரை மாதம். நான் மூன்று தடவை வந்தேன். மூன்று தடவையும் கேட்க வேண்டும் என்று ஒன்றை நினைத்துக்கொண்டே வந்தேன், கேட்காமலே திரும்பினேன். உனக்கு ஐம்பத்திரண்டு. உன் வீட்டில் எல்லோரும் எண்பது வரை இருந்தவர்கள். ஒரு நாள்கூடத் தலைவலி என்று படுத்தவள் இல்லை நீ. ‘அவ வாய்ப்பாடு பதினாறு வரைக்கும் படிச்சாளா?’ என்று நீதான் என்னைக் கேட்டாய். படித்துவிட்டாள் என்றேன். பொய். பதினான்கில் நின்றுகொண்டிருந்தாள்.

எனக்கு ராப்பகலாக ஒரே எண்ணம். வாறது எனக்கு வரட்டும் என்று சொன்னாயே, வந்துவிட்டதோ? நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. செல்வியிடம் சொன்னேன். ‘மதினி, கூறுகெட்டத்தனமா பேசாதீய, கட்டி எல்லாருக்கும்தான் வருது’ என்று போய்விட்டாள். வெள்ளிக்கிழமை விளக்கை ஒன்றுக்கு இரண்டாக ஏற்றினேன். கடைசியில் சாத்தா கோயில் பூசாரியிடம் போய் நின்றேன். அவர் முழுவதும் கேட்டார், பாவம், ஒரு மணி நேரம். ‘அவங்க எப்பிடிச் சொன்னாங்க? மனசறிஞ்சு சொன்னாங்களா, வெளையாட்டாச் சொன்னாங்களா?’ என்று கேட்டார். சிரித்துக்கொண்டே சொன்னாள் என்றேன். ‘அப்ப வெளையாட்டுத்தான். வெளையாட்டாச் சொன்னத சாமி கணக்குல வைக்காது. மனசப் போட்டு ஒழப்பாதீய’ என்று விபூதி கொடுத்தார்.

அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்த ஆறு மாதத்தை ஓட்டினேன். நீ சிரித்தாய். உனக்குச் சாத்தாவும் கிடையாது, நேர்ச்சையும் கிடையாது. என் வாயை அடைக்க ஒரு பேச்சுக்குச் சொன்னாய். நினைப்பு வரும்போதெல்லாம் அந்தச் சிரித்த முகத்தை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொள்வேன். நேற்று பதிவேட்டைப் பார்த்துவிட்டு வரும்போதும், சிரித்தாள், சிரித்தாள் என்று சொல்லிக்கொண்டேதான் வாய்க்கால் கரையில் நடந்து வந்தேன். பிள்ளை புதுப் பள்ளிக்கூடத்துக்குப் பச்சைப் பாவாடையா நீலப் பாவாடையா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்குக் காதில் விழவில்லை.

இதை எழுத எழுதத்தான் இன்னொன்று ஞாபகம் வருகிறது. எப்படி விட்டுப்போனதோ. அன்றைக்கு நான் காதைப் பொத்திக்கொண்டு தரையைத்தானே பார்த்துக்கொண்டு நின்றேன். உனக்குக் குதிகால் வெடிப்பு. சிமெண்டுத் தரை ஆகாது என்று வகுப்புக்குள்ளேயும் செருப்போடுதான் இருப்பாய், ஹெட்மாஸ்டர் சொல்லியும் கழற்றியது இல்லை. அன்றைக்கு உன் செருப்பு இரண்டும் படிக்குக் கீழே, என் காலடியில், ஜோடி சேர்த்து வைத்திருந்தது. நீ வெறுங்காலோடு போய்த்தான் அந்தப் பேரைக் கூப்பிட்டாய்.